பாதிக்கப்பட்ட நடிகைகள் அன்றைக்கே ஏன் புகார் கொடுக்கவில்லை?

மலையாள சினிமாவில் பெண்கள் படும் பாட்டை ஆராய்ந்த ஹேமா கமிட்டியின் அறிக்கை வந்ததிலிருந்து இந்தக் கேள்வியைப் பலர் கேட்கிறார்கள். சென்னையில் மூன்று வருடம் காஸ்ட்யூம் உதவியாளராக இருந்தவள் என்பதால் பதில் எழுதுகிறேன்.

முதலில், உடனே புகார் கொடுத்தவரைப் பாருங்கள். 2017 பிப்ரவரியில் கொச்சியில் ஒரு நடிகையைக் காரில் கடத்திப் பாலியல் வன்முறை செய்தார்கள். அவர் தாமதிக்கவே இல்லை. விசாரணை நீதிமன்றத் தீர்ப்பு வர 2025 டிசம்பர் ஆனது. அந்தச் சம்பவத்துக்குப் பிறகு கேரள அரசு அமைத்ததுதான் நீதிபதி ஹேமா தலைமையிலான கமிட்டி. 2019 டிசம்பர் 31 அன்று கொடுத்த அறிக்கையை 2024 ஆகஸ்ட் 19 வரை வெளியே விடவில்லை.

அதில் ஒரு நடிகை சொன்னது என் மனதைவிட்டுப் போகவே இல்லை. தன்னிடம் அத்துமீறியவனுக்கே மறுநாள் மனைவியாகக் கட்டிப்பிடித்து நடிக்க வேண்டியிருந்தது. வெறுப்பு முகத்தில் தெரிந்துவிட்டது. ஒரே ஷாட்டுக்கு 17 ரீடேக், இயக்குநரிடம் திட்டு வேறு. ஒவ்வொரு டேக்குக்கும் நடுவே அவர் உடையைச் சரிசெய்ய என்னைப் போல ஒருத்தி ஓடியிருப்பாள். அவளுக்கு எதுவுமே தெரிந்திருக்காது என்று என்னால் நம்ப முடியவில்லை.

ஷூட்டிங்கில் கழிப்பறை இல்லாததால் பெண்கள் தண்ணீர் குடிப்பதையே தவிர்க்கிறார்கள் என்றும் அறிக்கை சொல்கிறது. அதையே கேட்டு வாங்க முடியாத இடத்தில் பெரிய மனிதர் மேல் எப்படிப் புகார் சொல்வது?

யாரிடம் சொல்வது என்பது அடுத்த சிக்கல். பத்துப் பேர் வேலை செய்தாலே உள்ளகப் புகார்க் குழு வேண்டும் என்பது பணியிடப் பாலியல் துன்புறுத்தலைத் தடுக்கும் 2013 சட்டம். ஒவ்வொரு படத்தின் யூனிட்டுக்கும் அது பொருந்தும் என்று கேரள உயர் நீதிமன்றம் சொன்னது 2022 மார்ச்சில். அதற்கும் மலையாள சினிமாப் பெண்களின் விமன் இன் சினிமா கலெக்டிவ் அமைப்பு வழக்குப் போட வேண்டியிருந்தது. குழு அமைந்தாலும், அதில் இருப்பவர்களை மிரட்டி வழிக்குக் கொண்டுவந்துவிடுவார்கள் என்றுதான் ஹேமா கமிட்டி தனித் தீர்ப்பாயம் கேட்டது. அந்தக் குழுவிடம் புகார் கொடுக்கச் சட்டம் தருவதோ மூன்று மாத அவகாசம், காரணம் காட்டினால் இன்னும் மூன்று. பாக்கிச் சம்பளம் கைக்கு வரவே அதற்குமேல் ஆகும். அதுவரை எந்தப் பெண் வாய் திறப்பாள்?

நான் வேலை பார்த்த ஒரு வெளியூர் ஷூட்டிங்கில் துணை நடிகை ஒருத்தி, ராத்திரி யாரோ கதவைத் தட்டிக்கொண்டே இருந்ததாக மேனேஜரிடம் சொன்னாள். "பார்த்துக்கலாம்மா, நீ போய்த் தூங்கு" என்றார். அடுத்த ஷெட்யூலுக்கு அவளைக் கூப்பிடவில்லை. வேலைக்கு எடுத்தபோதே ஒரு தாளிலும் கையெழுத்து இல்லை, நீக்கியதற்கு எதைக் காட்டி நியாயம் கேட்பாள்? அவளுக்குத் தைத்த பாவாடை தாவணியைப் பிரித்து வேறொரு பெண்ணின் அளவுக்கு மாற்றச் சொன்னார்கள். காரணம் எனக்குத் தெரியும். ஒன்றும் பேசாமல் உட்கார்ந்து தையலைப் பிரித்தேன்.