கோபோல் பக்கம் நிற்பவருக்கு

கேள்வி: ஒரு வங்கியின் வட்டிக் கணக்கீட்டு மென்பொருளைப் பராமரிக்கும் குழுவில் இருக்கிறேன். நிரல்கள் கோபோல் என்ற பழைய நிரல்மொழியில் உள்ளன. எல்லாவற்றையும் ஜாவா என்ற பிந்தைய மொழியில் திருப்பி எழுதலாம் என்கிறார்கள் இளைஞர்கள். அவசரம் வேண்டாம் என்றால், “அக்காவுக்குப் பழசு மேல பாசம்” என்று சிரிக்கிறார்கள். எப்படிப் பேசுவது?
– வாசகி, சென்னை

பதில்: உங்கள் கடிதத்தில் என்னை உறுத்தியது அந்தச் சிரிப்புதான், பல ஆண்டு அனுபவத்தில் நீங்கள் அறிந்ததை அவர்கள் பாசம் என்று ஒதுக்கிவிட்டார்கள்.

அதற்காகக் கோபோலின் பெருமையைப் பேசத் தொடங்காதீர்கள். 1959-இல் உருவாக்கத் தொடங்கிய மொழிக்கு 2023-இலும் புதிய தரநிலை வெளிவந்தது என்பது உண்மையே ஆனாலும், கூட்டத்தில் அது யார் மனத்தையும் மாற்றாது. ஜாவாவில் பைசா கணக்கு தவறும் என்றும் சொல்லாதீர்கள். தசம எண்களைத் தோராயமாகவே வைக்கும் ஜாவாவின் ‘டபுள்’ வகையில் 0.1-ஐயும் 0.2-ஐயும் கூட்டினால் 0.30000000000000004 வருவது சரிதான். ஆனால் அதற்குத்தான் தசம எண்களைத் துல்லியமாகக் கையாளும் ‘பிக்டெசிமல்’ இருக்கிறது என்று ஒருவர் எழுந்து சொன்னால், உங்கள் நியாயமான வாதங்களும் அத்தோடு அடிபட்டுப் போகும்.

மாறாக, நிரலின் ஒரே ஒரு வரியைத் திரையில் காட்டுங்கள். 10,000 ரூபாய்க்கு ஆண்டுக்கு 7 சதவீதம் என்றால் ஒரு நாள் வட்டி 1.9178 ரூபாய். கோபோலின் ‘கம்ப்யூட்’ என்ற கணக்கிடும் கட்டளை இதை இரண்டு தசம இடங்களே உள்ள புலத்தில் (மதிப்பைச் சேமிக்கும் இடத்தில்) வைக்கும்போது, ‘ரவுண்டட்’ என்ற சொல் அங்கே இல்லாவிட்டால் மிச்சத்தை வெட்டிவிட்டு 1.91 என்றும், இருந்தால் 1.92 என்றும் வைக்கும். ஒரு லட்சம் கணக்குகளில் அந்த ஒரு பைசா, நாளொன்றுக்கு 1,000 ரூபாய். நிரலை எழுதியவர் அந்தச் சொல்லை வேண்டுமென்றே விட்டாரா, மறந்துவிட்டாரா என்பதை ஜாவா தெரிந்தவர் எவரும் நிரலைப் பார்த்துச் சொல்லிவிட முடியாது. வங்கியின் விதி தெரிந்தவர்தான் சொல்ல முடியும். நான் அருகிலிருந்து பார்த்த ஒரு மாற்றத்தில், புதிய நிரல் முறையாக அருகிலுள்ள பைசாவுக்கு முழுமையாக்கிக் கொடுத்த தொகைகள் பேரேட்டோடு ஒத்துப்போகவில்லை. காரணத்தைக் கண்டுபிடிக்கவே வாரக்கணக்கில் ஆயிற்று.

எனவே மொழியைப் பற்றிப் பேசாமல் ஒன்றை மட்டும் கேளுங்கள்: மாத முடிவு, நிதியாண்டு முடிவு, பிப்ரவரி 29 ஆகிய நாள்களின் தரவை இரு நிரல்களிலும் ஓட்டிப் பைசா சுத்தமாக ஒப்பிட வேண்டும்.

அந்த இளைஞர்களுடைய அச்சத்தையும் மதியுங்கள். 2020 ஏப்ரலில் வேலையின்மை உதவித்தொகை விண்ணப்பங்கள் குவிந்தபோது, அவற்றைக் கையாளும் பழைய கணினி அமைப்பு கோபோலில் இருந்ததால், அமெரிக்காவின் நியூ ஜெர்சி மாநில ஆளுநராக இருந்த ஃபில் மர்ஃபி, கோபோல் தெரிந்தவர்கள் உதவ முன்வர வேண்டும் என்று வெளிப்படையாகக் கேட்க நேர்ந்தது. நாளை நீங்கள் ஓய்வு பெற்றால் யார் பார்ப்பது என்று அவர்கள் கேட்பதில் தவறே இல்லை. வாரத்துக்கு இரண்டு மணி நேரம், சிரித்தவர்களில் ஒருவரையே பக்கத்தில் உட்கார வைத்து, ஒவ்வொரு விதியும் ஏன் அப்படி இருக்கிறது என்பதை அவர் கையாலேயே எழுதச் செய்யுங்கள். பயிற்சிக்கு, கோபோல் நிரல்களைச் சாதாரணக் கணினியில் ஓட்ட உதவும், இலவசமாகக் கிடைக்கும் ‘குனு கோபோல்’ மென்பொருள் போதும். பிறகும் ஜாவாதான் என்று குழு முடிவு செய்தால், சோதனைத் தரவைத் தயாரிக்கும் பொறுப்பை நீங்களே கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.