பொம்மையை விடுங்கள், ஸ்டூலைப் பிடியுங்கள்

கேள்வி: ஜவுளிக்கடையில் ஆறு வருடம் புடவை செக்‌ஷனில் நின்றேன். அதை வைத்து 6,000 சொல்லில் ஒரு திகில் நகைச்சுவைக் கதை எழுதியிருக்கிறேன். ஷட்டர் இறங்கியதும் டிஸ்ப்ளே பொம்மைகள் உயிர்பெற்று ஊழியர்களைக் கிழித்துத் தின்கின்றன. படித்தவர்கள் சிரிக்கவுமில்லை, பயப்படவுமில்லை. "ரத்தம் ஜாஸ்தி" என்கிறார்கள். எங்கே தப்பு? (பெயர் வேண்டாம், மதுரை)

பதில்: முதல் பக்கத்திலேயே ஒரு தலை போய்விடுகிறது. அப்புறம் விழும் பதினோரு பிணமும் வாசகருக்கு வெறும் கணக்குதான். ஆனால் நான்காம் பக்கத்தில் போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள்: "சட்டம் வந்ததும் செக்‌ஷனுக்கு ஒரு ஸ்டூல் போட்டார்கள், யாரும் உட்காரவில்லை." உங்கள் கதை அந்த வரியில்தான் இருக்கிறது.

கடை ஊழியர்களுக்கு இருக்கை தர வேண்டும் என்று தமிழ்நாட்டில் 2021-ல் சட்டத்திருத்தம் வந்தது. கேரளத்தில் 2018-லேயே வந்துவிட்டது. உரிமை இருக்கிறது, உட்காரத்தான் பயம். சிரிப்பும் திகிலும் இப்படி ஒரே பொருளில் கிடைப்பது அபூர்வம். பொம்மைகளை எடுத்துவிட்டு, அந்த ஸ்டூலில் உட்கார்ந்தவர் எழ முடியாது என்று ஒரே ஒரு விதி வையுங்கள். இரண்டாவது விதி சேர்த்தால் விளக்கம் சொல்லியே கதை தீர்ந்துபோகும்.

முதல் 1,500 சொல்லில் அமானுஷ்யம் எதுவும் வேண்டாம், கால் வலி போதும். வருடக்கணக்கில் நாள் முழுக்க நின்றால், கால் நரம்பில் மேலே போகும் ரத்தம் திரும்பி இறங்காமல் தடுக்கும் வால்வுகள் தளரலாம். ரத்தம் கீழே தேங்கி நரம்பு புடைத்து நெளியும். கணுக்காலுக்கு மேலே தோல் கறுக்கும், அரிக்கும், முற்றினால் புண்ணாகும். இது உங்களுக்குத் தெரிந்த வலி, அதை அவசரப்படாமல் எழுதுங்கள். அப்போதுதான் அந்த விற்பனைப் பெண் ஏன் ஸ்டூலில் உட்கார்ந்தாள் என்று யாரும் கேட்கமாட்டார்கள். பிறகு அதே நரம்புகள் தோலை விட்டு இறங்கி, ஆலம் விழுது மாதிரி ஸ்டூல் காலைச் சுற்றட்டும்.

அவள் எழ முயலும் இடத்துக்கு 150 சொல் கொடுங்கள். முதலில் சத்தம், அடுத்து ஈரம், கடைசியில் வலி. "கோரமான", "கொடூரமான" எல்லாவற்றையும் அடித்துவிடுங்கள். அதன்பின் 600 சொல்லுக்காவது ரத்தமே வரக்கூடாது. அடுத்தடுத்து வந்தால் மரத்துப்போகும்.

சிரிப்புக்கு வருவோம். உங்கள் சூப்பர்வைசர் பிணத்தைப் பார்த்து ஜோக் அடிக்கிறார். அங்கேதான் பயம் செத்துப்போகிறது. அவர் தன் வேலையை மட்டும் பார்க்கட்டும்:

"எந்திரிம்மா, கஸ்டமர் வராங்க."

"முடியல சார். கால் வரமாட்டேங்குது."

அவர் குனிந்து பார்த்தார். ஸ்டூலடியில் கிடந்த பட்டுப்புடவையில் சொட்டுச் சொட்டாக ரத்தம்.

"பன்னெண்டாயிரம் ரூபா பொடவை. டேமேஜ் யார் பேர்ல போடறது?"

தினமும் கேட்கிற கேள்வி என்பதால்தான் இது சிரிக்கவும் வைக்கும், குலைநடுங்கவும் வைக்கும். கஸ்டமரும் அதேபோல் தன் வேலையை மட்டும் பார்க்கட்டும். அவள் உட்கார்ந்தபடியே ஐந்தரை மீட்டர் புடவையை விரிக்கிறாள், "இதே மெரூன்ல பார்டர் சின்னதா இல்லையா?" என்கிறார் அந்த அம்மா. அவள் நிலைமை மோசமாக ஆக, கேட்பது அற்பமாகிக்கொண்டே போகட்டும். சிரிப்பை எப்போதும் ரத்தத்துக்கு முன்னால் வையுங்கள். பின்னால் வைத்தால் வாசகர் "அப்பாடா" என்று மூச்சு விட்டுவிடுவார்.

மற்றவர்கள் ஏன் ஓடவில்லை என்ற கேள்விக்கு பூட்டிய கதவு தேவையில்லை. சம்பளப் பிடித்தம், ஹாஸ்டல், ஊருக்குப் பணம் அனுப்ப வேண்டிய தேதி, மூன்று வரி போதும்.

முடிவில் பொம்மைகளைக் கொளுத்துகிறீர்கள், அதையும் எடுத்துவிடுங்கள். மறுநாள் காலை ஷட்டர் ஏறட்டும். யாரோ ஸ்டூலைத் துடைத்து வைத்திருக்கிறார்கள். புதிதாகச் சேர்ந்த பெண்ணிடம் அதே சூப்பர்வைசர் நல்ல மனதோடு சொல்லட்டும்: "கால் வலிச்சா உக்காந்துக்கம்மா, சட்டமே இருக்கு."