முகவரி இல்லாதவருக்கு வலி மருந்து

அன்புள்ள அக்கா,

சனிக்கிழமைகளில் எங்கள் கோயில் குழு டர்பன் வார்விக் பக்கம் சோறும் பருப்பும் கொடுக்கிறது. வரிசையில் வரும் ஒரு பெரியவருக்குத் தொண்டையில் புற்றுநோய். சோறு இறங்கவில்லை, பருப்புத் தண்ணீரை மட்டும் கேட்டு வாங்கிக் குடிக்கிறார். இனி செய்ய ஒன்றுமில்லை என்று ஆஸ்பத்திரியில் அனுப்பிவிட்டார்களாம். கடைசிக் காலத்தில் வலி தணித்துப் பார்த்துக்கொள்ளும் ஒரு ஹாஸ்பிஸுக்குப் போன் செய்தேன். வீடு எங்கே, கூட இருந்து யார் பார்த்துக்கொள்வார்கள் என்று கேட்டார்கள். வீடற்றவர்களுக்கென்றே ஒரு ஹாஸ்பிஸ் கட்டப் பணம் திரட்டலாமா?

எஸ்., சாட்ஸ்வொர்த்

அன்புள்ள தம்பி,

கட்டுவது நல்ல காரியம்தான். கனடாவின் ஒட்டாவாவில் 2001 முதல் வீடற்றோர் விடுதிக்குள்ளேயே ஹாஸ்பிஸ் நடக்கிறது. ஆனால் நிலம், அனுமதி, நர்ஸ் சம்பளம் என்று நீங்கள் அலைந்து முடிப்பதற்குள் அந்தப் பெரியவர் இருக்கமாட்டார். முதலில் அவருடைய வலியைப் பார்ப்போம்.

போனில் பேசியவர்கள் மேல் கோபப்படாதீர்கள். தென்னாப்பிரிக்காவில் ஹாஸ்பிஸ் நர்ஸ்கள் பெரும்பாலும் வீடு தேடிப் போய்த்தான் பார்க்கிறார்கள். கட்டில் இருக்கும், வேளைக்கு மருந்து கொடுக்க மகளோ மருமகளோ இருப்பார்கள் என்று நினைத்துச் செய்த ஏற்பாடு அது. கடும் வலிக்குக் கொடுக்கும் மார்ஃபின் திரவத்தை 4 மணி நேரத்துக்கு ஒருமுறை குடிக்க வேண்டும். நடைபாதையில் படுப்பவர் பாட்டிலை எங்கே வைப்பார்? ஒரே ராத்திரியில் திருடு போய்விடும். அப்புறம், மார்ஃபின் மலத்தைக் கட்டும் என்பதால் கூடவே மலமிளக்கியும் கொடுப்பார்கள். கழிப்பறை இல்லாத மனிதர் அதைத் தொடவே பயப்படுவார். மாத்திரை விழுங்க முடிந்தால், 12 மணி நேரம் தாங்கும் மார்ஃபின் மாத்திரையை இரண்டு மூன்று நாளுக்கு மட்டும் கொடுத்து, திரும்ப வரச் சொல்வது இவருக்குத் தோதாக இருக்கும்.

வூங்கா (ஹெராயின் கலந்த தெருப் போதைப்பொருள்) பிடிப்பவர் என்றால் மார்ஃபின் தரவே தயங்குகிறார்கள். உண்மையில் உடம்பு பழகிப்போனவருக்கு வழக்கமான அளவு போதாது, கூடுதலாகத்தான் தேவைப்படும். பழக்கத்தைக் காரணம் காட்டி ஒருவரை வலியில் துடிக்கவிடுவது எனக்குப் பெரிய அநியாயமாகப் படுகிறது.

டொரொண்டோவில் 2014இல் தொடங்கிய ‘பீச்’ திட்டத்தின் டாக்டர்கள் விடுதிக்கும் தெருவுக்கும் நேரில் போகிறார்கள். நமக்கும் அதுதான் சரி. சோறு கொடுக்கும் இடத்துக்கே நர்ஸை அழையுங்கள். ஹாஸ்பிஸில் உங்கள் குழுவின் இடத்தை முகவரியாகவும், உங்கள் போன் நம்பரைத் தொடர்புக்கும் கொடுங்கள். அதுவரை, இம்மானுவேல் பேராலயத்தை ஒட்டிய டெனிஸ் ஹர்லி மையத்தில் கிளினிக் இருக்கிறது, கூட்டிப்போங்கள். ஆஸ்பத்திரிச் சீட்டு இருந்தால் போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்று. யாருக்குத் தகவல் சொல்ல வேண்டும், எரிப்பதா புதைப்பதா என்று அவரிடம் இப்போதே மெல்லக் கேட்டு எழுதி வையுங்கள். கேட்க ஆளில்லாத உடல் கடைசியில் மாநகராட்சிப் பொறுப்புக்குத்தான் போகும்.