வடை போகிறது, கூண்டில் எலி இல்லை: என்ன செய்வது?

கேள்வி: அடுக்குமாடிக் குடியிருப்பில் முதல் மாடியில் வாடகைக்கு இருக்கிறோம். சமையலறையில் இரவில் சின்ன எலிகள் ஓடுகின்றன. கம்பிக்கூண்டில் வடை வைத்தால் காலையில் வடையும் இல்லை, எலியும் இல்லை. கடைக்காரர் எலி கேக் (எலியைக் கொல்லும் விஷக் கட்டி) வைக்கச் சொல்கிறார். இரண்டு வயதுக் குழந்தை இருப்பதால் தயக்கமாக இருக்கிறது.

பதில்: உங்கள் தயக்கம் சரிதான், கேக் வேண்டாம். முதலில், வந்திருப்பது எது என்று பாருங்கள். புழுக்கை 3 முதல் 6 மி.மீ. நீளத்தில், முனை கூராக இருந்தால் சுண்டெலி. ஒரு செ.மீ.க்கு மேல் தடிமனாக இருந்தால் பெரிய வீட்டெலி. நீண்ட மூக்கோடு, கீச்சிட்டுக்கொண்டு, சுவரோரமாக ஓடி, நாற்றத்தை விட்டுச் சென்றால் அது மூஞ்சூறு. அது எலி இனமே அல்ல. கரப்பான், பூச்சிகளைத் தின்ன வருகிறது. கதவைத் திறந்து வெளியே விரட்டினால் போதும்.

நீங்கள் சொல்வதைப் பார்த்தால் சுண்டெலிதான். கூண்டு தோற்பதற்குக் காரணமும் அதுவே. கடையில் விற்கும் கூண்டு பெரிய எலிக்காகச் செய்தது. 15, 20 கிராம் எடையுள்ள சுண்டெலி கொக்கியை அசைக்காமலே வடையைக் கொறித்துவிடும். கதவு விழுந்தாலும் கம்பிகளுக்கு நடுவே புகுந்து போய்விடும். 6 மி.மீ. இடைவெளி அதற்குப் போதும்.

கம்பி அடித்துப் பிடிக்கும் சிறிய மரப்பலகைப் பொறி வாங்குங்கள். ஒன்றல்ல, ஆறு. சுண்டெலி கூட்டிலிருந்து பத்து மீட்டருக்கு மேல் அதிகம் அலையாது என்பதால், பொறிகளை அது ஓடும் தடத்தில் நெருக்கமாக, இரண்டு மீட்டருக்கு ஒன்றாக வைக்க வேண்டும். பலகை சுவருக்குச் செங்குத்தாகவும், இரை இருக்கும் முனை சுவரைத் தொட்டபடியும் இருக்கட்டும். சுட்ட தேங்காய்த் துண்டு, கருவாடு, நிலக்கடலை எதுவானாலும் பட்டாணி அளவு போதும். அதை நூலால் இறுகக் கட்டுங்கள், இழுத்தால்தான் பொறி விழும். பெரிய எலி புதுப் பொருளைக் கண்டால் சில நாள் ஒதுங்கும். சுண்டெலி முகர்ந்து பார்க்க வரும். ஆகவே மூன்று இரவு ஒன்றும் விழாவிட்டால் இடம்தான் தவறு. தரையோரம் கொஞ்சம் மாவு தூவினால் காலடித் தடம் வழியைக் காட்டும். குழந்தையின் விரல் படாதிருக்க, பொறியைச் செருப்புப் பெட்டிக்குள் வைத்து, இரு பக்கமும் 3 செ.மீ. ஓட்டை போட்டு, மூடியை ஒட்டிவிடுங்கள். பெட்டியையும் ஃப்ரிட்ஜுக்குப் பின்னால் தள்ளி வையுங்கள்.

கேக்குகளில் பெரும்பாலும் இருப்பது புரோமடியலோன். இது ரத்தம் உறைவதைத் தடுக்கும் மருந்து. எலி சாக நான்கைந்து நாள் ஆகும். அதற்குள் பரணிலோ அலமாரிக்குப் பின்னாலோ போய்ச் செத்தால் நாற்றம் வாரக்கணக்கில் போகாது. பசை வடிவில் வரும் மஞ்சள் பாஸ்பரஸ் மருந்து இன்னும் கொடியது. ஈரலை அழிக்கும், முறிமருந்து கிடையாது. தமிழ்நாடு அரசு அதைத் தடை செய்துள்ளது. எங்காவது கிடைத்தாலும் வாங்காதீர்கள். 2024 நவம்பரில் சென்னையை அடுத்த குன்றத்தூரில் எலி மருந்து வைத்த வீட்டில், ஏசி போட்டுத் தூங்கிய குடும்பத்தின் இரு குழந்தைகள் இறந்துபோனார்கள். குழந்தை எந்த எலி மருந்தையாவது வாயில் வைத்துவிட்டால், அறிகுறிக்குக் காத்திராமல் உறையோடு அரசு மருத்துவமனைக்கு ஓடுங்கள். முதல் நாள் நன்றாக இருப்பது போலத் தெரியும், அதுதான் ஏமாற்றும்.

எத்தனை எலி பிடித்தாலும் ஓட்டை திறந்திருந்தால் அடுத்தது வரும். அதிக உழைப்பைப் போட வேண்டியது இங்கேதான். சிங்க்குக் கீழே கழிவுக் குழாய் தரைக்குள் இறங்கும் இடம், ஏசி குழாய் சுவரைத் துளைக்கும் இடம், மின்கம்பிக் குழாயின் வாய், கதவின் அடிப்பகுதி, எக்ஸாஸ்ட் ஃபேன் சட்டம் ஆகிய ஐந்தையும் இரவில் டார்ச் அடித்துப் பாருங்கள். சுண்டு விரல் நுழையும் இடமெல்லாம் வழிதான். பாத்திரம் தேய்க்கும் ஸ்டீல் நாரை இறுகத் திணித்து, மேலே ஒரு பங்கு சிமென்ட்டுக்கு மூன்று பங்கு மணல் கலவை பூசுங்கள். நாரை மட்டும் வைத்தால் துருப்பிடித்து உதிரும். தெர்மாகோல், துணி போன்றவற்றை எலி கடித்துத் துளைத்துவிடும். காற்றுத் துளைகளுக்கு 6 மி.மீ.க்கும் குறைந்த கண்ணுள்ள கம்பி வலை அடியுங்கள். கதவடியில் ரப்பர் பட்டைக்குப் பதில் அலுமினியப் பட்டை வையுங்கள். வீட்டுக்காரரிடம் இந்தச் செலவைக் கேளுங்கள். கட்டடத்தின் பராமரிப்பு வேலைதானே இது.

அரிசி, பருப்பு மூட்டையாகவோ பிளாஸ்டிக் டப்பாவிலோ இருந்தால் எவர்சில்வர் டிரம்முக்கு மாற்றுங்கள். சுண்டெலிக்கு நாளைக்கு 3 கிராம் உணவு போதும் என்பதால், அடுப்படியில் சிந்திய கடலையே ஒரு குடும்பத்தை வளர்க்கும். கேஸ் குழாயையும் பாருங்கள். வெறும் ரப்பர் குழாய் என்றால், உள்ளே எஃகுக் கம்பி பின்னிய சுரக்‌ஷா குழாய்க்கு உடனே மாற்றுங்கள். பல் தடம் தெரிந்தால் அன்றே.

புழுக்கையைத் துடைப்பத்தால் கூட்டாதீர்கள், தூசி மூச்சில் போகும். கையுறை போட்டு, ஒரு பங்கு ப்ளீச்சிங் திரவத்துக்குப் பத்துப் பங்கு தண்ணீர் கலந்து நனைத்து, ஐந்து நிமிடம் விட்டுக் காகிதத்தால் துடைத்தெடுங்கள். ஒலி எழுப்பும் கருவிகளுக்குப் பணம் வீணாக்க வேண்டாம், எலி சில நாளில் பழகிவிடும். பாச்சை உருண்டை குழந்தை இருக்கும் வீட்டில் ஆபத்து.

கடைசி எலி விழுந்தபின்பும் மூன்று வாரம் பொறியை எடுக்காதீர்கள். கூட்டில் மிஞ்சிய குட்டிகள் பால் மறந்து இரை தேடி வெளியே வர ஏறத்தாழ அத்தனை நாள் ஆகும்.