தவசிக்கீரையா, சாயா கீரையா? ஒரு செடிக்குத்தான் இடம் என்றால்

கிணற்றடி ஓரத்தில் ஒரே ஒரு செடிக்குத்தான் இடம் இருக்கிறது, வருஷம் முழுக்க கீரை வேண்டும், தவசிக்கீரை வைக்கவா சாயா வைக்கவா என்று கேட்டிருக்கிறீர்கள். தவசிக்கீரை வையுங்கள். இரண்டையும் ஆறு வருஷமாக வளர்த்துத் தின்கிறேன், அதனால் யோசிக்காமல் சொல்லிவிட்டேன். ஏன் என்று சொல்வதற்கு முன்னால் பெயர் விஷயத்தைப் பேசிவிட வேண்டும், அங்கேதான் நானே ஏமாந்தேன்.

முதல் தடவை நர்சரியில் போய் "தவசி" இருக்கா என்று கேட்டு ஒரு செடி வாங்கி வந்தேன். வளர்ந்தபோது பார்த்தால் அது தவசிமுருங்கை. சளி இருமலுக்குச் சாறெடுக்கிற மூலிகை, நாட்டு வைத்தியத்தில் பெயர் போனது, ஆனால் பறித்துப் பொரியல் வைக்கிற கீரை இல்லை. இரண்டும் வேறு வேறு குடும்பம். தவசிக்கீரை நெல்லி, கீழாநெல்லிக்குச் சொந்தக்காரன். மெல்லிய கம்பின் இரண்டு பக்கமும் இலை வரிசையாக இருக்கும், கம்பைத் திருப்பிப் பார்த்தால் அடியில் கருஞ்சிவப்பில் பொடிப் பூக்கள், அப்புறம் சிவப்புத் தொப்பி போட்ட மாதிரி வெள்ளைக் காய் தொங்கும். மலையாளத்தில் சிக்கூர்மானிஸ் என்பார்கள், அது மலாய்க்காரர்களின் சேகூர் மானிஸ் அப்படியே கடல் தாண்டி வந்த பெயர். எங்கள் குமரி மாவட்டத்தில் பழைய வீட்டு வேலிகளில் இன்னும் நிற்கிறது. மல்டி வைட்டமின் கீரை என்று யாராவது விற்றால் இதுதான்.

இந்தப் பெயர்க் குழப்பத்தை ஏன் இவ்வளவு இழுக்கிறேன் என்றால், இதில் ஆபத்து இருக்கிறது. தவசிமுருங்கைக்குச் சொன்ன சாறு வைத்தியத்தை எவராவது தவசிக்கீரைக்குச் செய்துவிட்டால் வினை. 1990களின் நடுவில் தைவானில் உடம்பு இளைக்கும் என்று தவசிக்கீரையைப் பச்சையாக அரைத்துச் சாறாக வாரக்கணக்கில் குடித்தார்கள். 200க்கும் மேற்பட்டவர்களுக்கு நுரையீரலின் சிறு மூச்சுக்குழாய்கள் அடைபட்டுப் போயின, குடிப்பதை நிறுத்தியும் பலருக்கு அது சரியாகவில்லை, சிலர் இறந்தும் போனார்கள். பயந்துவிடாதீர்கள், இந்தோனேசியாவில் பிள்ளை பெற்றவளுக்குப் பால் ஊற இதைத்தான் சமைத்துக் கொடுக்கிறார்கள், மலேசியாவில் முட்டை உடைத்து ஊற்றி வதக்குவது ஹோட்டல் சாப்பாடு. வேக வைத்து, கீரை அளவில் வாரம் ஒன்றிரண்டு தடவை சாப்பிடுங்கள். ஜூஸ், ஸ்மூத்தி, பச்சை சாலட் எதுவும் வேண்டாம், அவ்வளவுதான்.

சரி, சாயாவுக்கு வருவோம். இது மெக்சிகோவின் யுகட்டான் பக்கத்துச் செடி, மாயா மக்கள் காலங்காலமாக வீட்டோரம் வைத்துத் தின்றது. மரச்சீனிக்கும் (மரவள்ளிக் கிழங்கு) ஆமணக்குக்கும் உறவு, அது இலையைப் பார்த்தாலே தெரியும், காம்பைக் கிள்ளினால் பால் வடியும். முதல் தடவை பறித்துக்கொண்டு அடுக்களைக்குள் நுழைந்தபோது அம்மா ஒரு பார்வை பார்த்துவிட்டு, "எலே, ஆமணக்கையா பறிச்சிட்டு வந்திருக்க?" என்றாள். சொந்தம் மரச்சீனியோடு என்று சொன்னதும் அவளுக்கு எல்லாம் புரிந்துவிட்டது. கிழங்கு அவிக்கும்போது தண்ணீரை வடித்துக் கொட்டுகிற வீடு அல்லவா. அதே கதைதான் இங்கேயும், இலைக்குள் சயனைடு உண்டாக்கும் சத்து இருக்கிறது, பச்சையாகத் தின்னக் கூடாது. நறுக்கி, கொதிக்கிற தண்ணீரில் போட்டு, மூடாமல் இருபது நிமிஷம் வேக விட்டால் ஆவியோடு போய்விடும். குக்கரில் போட்டு மூன்று விசில் என்கிற வேலை வேண்டாம். வெந்த தண்ணீரையும் நாங்கள் கொட்டிவிடுவோம், பழக்க தோஷம். அலுமினியச் சட்டி ஆகாது என்று பரவலாகச் சொல்கிறார்கள், எங்கள் வீட்டில் மண்சட்டி இருப்பதால் நான் அதைச் சோதித்துப் பார்க்கவில்லை.

இந்த இருபது நிமிஷம்தான் என் தீர்ப்புக்குக் காரணம். சத்துக் கணக்கில் சாயா லேசுப்பட்டதில்லை, புரதம், இரும்பு, சுண்ணாம்பு எல்லாம் தாராளம் (முருங்கைக்கீரையும் அதே கட்சிதான்). ஆனால் காலையில் ஏழு மணிக்கு ஸ்கூல் வேன் வருவதற்குள் ஒரு கூட்டு வைக்க வேண்டும் என்றால் கை தானாகத் தவசிப் பக்கம்தான் போகிறது. கம்பின் நுனியைப் பிடித்து எதிர்ப்பக்கமாக ஒரு உருவு உருவினால் இலை அத்தனையும் கையில். கடுகு, சின்ன உள்ளி, பச்சை மிளகாய், தேங்காய்த் துருவலில் சீரகம் சேர்த்து ஒன்றிரண்டாக அரைத்துப் போட்டு ஒரு துவரன் (தேங்காய்ப் பொரியல்), பத்து நிமிஷத்தில் முடிந்துவிடும். வெந்த பிறகும் பச்சை நிறம் போகாது, முளைக்கீரை மாதிரி சட்டியளவு போட்டுக் கரண்டியளவு கிடைக்கிற ஏமாற்றமும் இல்லை. நுனியில் பச்சைப் பட்டாணி மாதிரி லேசான ருசி. என் மகள் கீரை என்று தெரியாமலே தின்கிறாள்.

சாயாவின் ருசி மோசமில்லை, கொஞ்சம் தடித்த இலை, பருப்போடு கடைந்தால் நன்றாகவே இருக்கும். எட்டுப் பத்து இலை போதும், நாலு பேருக்குக் காணும். சில ரகத்தில் காம்பில் சொணை இருக்கும், கை அரிக்கும், பறிக்கும்போது உறை போட்டுக்கொள்ளுங்கள். சொணை குறைந்த ரகம் சாயமான்சா என்பது, கேரளப் பக்கம் கம்பு எளிதாகக் கிடைக்கிறது.

இடத்தைப் பார்த்தாலும் உங்களுக்குத் தவசிதான் பொருந்தும். கிணற்றடி என்றால் ஈரம் இருக்கும், மதில் நிழல் பாதி நாள் விழும், அது தவசிக்குப் பிடித்த வாழ்க்கை. சாயாவுக்கு நேர்மாறாக வெயில் வேண்டும், தண்ணீர் தேங்கினால் செத்துப்போகும். என்னுடைய முதல் சாயா இடவப்பாதி மழையில் (தென்மேற்குப் பருவமழை) அடியில் அழுகிச் சாய்ந்தது. இரண்டாவதை மேடான இடத்தில் வைத்தேன், இரண்டு மாதம் தண்ணீர் காட்டாவிட்டாலும் முறைத்துக்கொண்டு நிற்கிறது. மொட்டை வெயில், வறண்ட மண், அடிக்கடி தண்ணீர் ஊற்ற ஆளில்லை, இப்படி ஒரு இடமாக இருந்திருந்தால் பேச்சே வேண்டாம், சாயாதான் என்று சொல்லியிருப்பேன். வளரவும் நாலைந்து அடி அகலம் கேட்கும், ஒரு ஆள் உயரத்துக்கு மேல் போகும். பக்கத்தில் பப்பாளி இருந்தால் மாவுப்பூச்சி இதிலும் ஏறும், என் வீட்டில் ஏறியது, குழாய்த் தண்ணீரைப் பீய்ச்சி அடித்தே கழுவி விட்டேன்.

இரண்டுமே கம்பில் வருபவை, காசு கொடுத்து வாங்காதீர்கள், வேலியில் வைத்திருப்பவர்களிடம் கேளுங்கள். பென்சில் தடிமனில் முற்றிய தவசிக் கம்பு, ஒரு சாண் நீளம், இரண்டு கணு மண்ணுக்குள், நிழலில் வைத்தால் மூன்று வாரத்தில் தளிர் வரும். சாயாக் கம்பு கிடைத்தால் அதை வெட்டிய உடனே நடக்கூடாது, பால் காய நாலு நாள் திண்ணையில் போட்டுவிட்டு நடுங்கள். தவசி இடுப்பளவு வந்ததும் நுனியை வெட்டிவிடுங்கள், வெட்ட வெட்டக் கிளைக்கும், விட்டுவிட்டால் ஒல்லியாக உயர்ந்து மேலே மட்டும் இலை வைத்துக்கொண்டு ஆடும். முதல் ஆறு மாதம் ஆசைப்பட்டு மொட்டையடிக்காமல் பாதி இலையையாவது செடியிலேயே விடுங்கள்.

ஆட்டுக்குட்டி வளர்க்கிற வீடு பக்கத்தில் இருந்தால் வேலியை மட்டும் சரிபார்த்துக்கொள்ளுங்கள். தவசி என்றால் அதுகளுக்கு உயிர்.