மகன் இறந்த பிறகும் பழைய உயில் போதுமா?

கேள்வி: எனக்கு 74 வயது. 2008-ல் உயில் எழுதிப் பதிவும் செய்தேன். கும்பகோணத்து வீடு மகனுக்கு, மனை மகளுக்கு என்று எழுதியிருக்கிறேன். 2016-ல் மனையை விற்றுத் திருச்சியில் ஒரு ஃபிளாட் வாங்கினேன். மகன் 2021-ல் தவறிவிட்டான். என் மனைவி, மருமகள், 12 வயதுப் பேத்தி எல்லோரும் என்னோடுதான் இருக்கிறார்கள். வீடு மருமகளுக்கும் பேத்திக்கும், ஃபிளாட் மகளுக்கும் போகவேண்டும் என்பது என் ஆசை. பதிவான உயிலை ஏன் தொடுகிறீர்கள் என்கிறார் நண்பர். என்ன செய்வது?
– வாசகர், கும்பகோணம்

பதில்: உடனே புதிதாக எழுதுங்கள் ஐயா. இரண்டும் நீங்கள் சம்பாதித்து வாங்கியவை, உங்களுக்குப் பொருந்துவது இந்து வாரிசுரிமைச் சட்டம் என்று வைத்துக்கொண்டு சொல்கிறேன். பூர்வீகச் சொத்து என்றால் உங்கள் பங்குக்கு மட்டும்தான் உயில் எழுத முடியும்.

பழைய உயில் அப்படியே இருந்து, நாளை உங்களுக்கு ஒன்று ஆனால் என்ன நடக்கும்? மகன் இறந்ததால் அவருக்கு எழுதியது வீணாகிவிடாது. அவருக்குப் பிள்ளை இருப்பதால், இந்திய வாரிசுரிமைச் சட்டம் 109-வது பிரிவின்படி, உங்களுக்கு அடுத்த நொடியே அவர் இறந்ததுபோலக் கணக்கு வைப்பார்கள். அதாவது வீடு அவருடைய வாரிசுகளுக்குப் போகும்: அவருடைய தாய், மனைவி, மகள், ஆளுக்கு மூன்றில் ஒரு பங்கு. மனை உங்களிடம் இல்லாததால் அதற்கு எழுதிய வரி செல்லாது, அந்தப் பணத்தில் வாங்கியது என்பதற்காக ஃபிளாட் அதன் இடத்துக்கு வந்துவிடாது. உயிலில் இல்லாத ஃபிளாட் சட்டப்படி மூன்று பங்காகும். மனைவிக்கு ஒன்று, மகளுக்கு ஒன்று, இறந்த மகனின் பங்கு மருமகளுக்கும் பேத்திக்கும் சேர்த்து. ஃபிளாட் முழுக்கத் தனக்கு என்று நம்பியிருக்கும் மகளும், வீடு தங்களுக்குத்தான் என்று இருக்கும் மருமகளும் ஒருவர் கையெழுத்துக்கு ஒருவர் காத்திருக்க வேண்டிவரும்.

எனக்கு அதைவிட உறுத்துவது வேறு. 2008-ல் எழுதியதில் உங்கள் மனைவிக்கென்று ஒரு வரிகூட இல்லை. மகன் பார்த்துக்கொள்வான் என்று நினைத்திருப்பீர்கள். இப்போது அவர் ஆயுள் முழுக்க அந்த வீட்டில் வசிக்கும் உரிமையைத் தெளிவாக எழுதிவிட்டு, அவருக்குப் பிறகு மருமகளுக்கும் பேத்திக்கும் என்று போடுங்கள். பேத்தி மைனராக இருக்கும்வரை அவள் பங்கை விற்க நீதிமன்ற அனுமதி வேண்டும் என்பதையும் மருமகளிடம் சொல்லிவையுங்கள்.

இத்தனை மாறியிருக்கும்போது பழையதோடு ஒரு திருத்த உயிலை ஒட்டவைப்பது குழப்பத்தில் முடியும். 'இதற்கு முன் எழுதிய உயில்களை ரத்து செய்கிறேன்' என்று தொடங்குங்கள், 'இதில் சொல்லாத, இனிமேல் வாங்கும் சொத்துகள்' யாருக்கு என்று ஒரு பத்தி சேருங்கள், அந்த ஒரு பத்தி இருந்திருந்தால் ஃபிளாட் விஷயத்தில் இந்தச் சிக்கலே இல்லை. பதிவு கட்டாயமில்லை, பதிவான உயிலைப் பதிவாகாத புதிய உயிலும் ரத்து செய்யும். ஆனாலும் உங்கள் வயதுக்குப் பதிவு செய்வதும், சுயநினைவோடு இருக்கிறார் என்று மருத்துவரிடம் சான்று வாங்கி வைப்பதும் பின்னால் சந்தேகம் கிளம்பாமல் காக்கும். இரண்டு சாட்சிகள் வேண்டும். பிறகு வழக்கு வந்தால் உயிரோடு இருக்கும் சாட்சியை நீதிமன்றத்துக்குக் கூப்பிடுவார்கள், அதனால் உங்களைவிட இளையவர்களாக, சொத்து எதுவும் வராதவர்களாகப் பாருங்கள். உயிலை நிறைவேற்ற ஒருவர் பெயரையும் எழுதுங்கள், அவர் சம்மதத்தைக் கேட்டுவிட்டு.

அப்புறம் வங்கிக்கு ஒரு நடை போய் வாருங்கள். வைப்பு நிதியில் இன்னும் மகன்தான் நாமினியா என்று பாருங்கள், பலர் இதை மறந்துவிடுகிறார்கள். 2025 நவம்பர் 1 முதல் வங்கிக் கணக்குக்கு நான்கு பேர்வரை நாமினி போடலாம். வங்கியைப் பொறுத்தவரை நாமினி பணத்தை வாங்கிக்கொள்பவர்தான், உரிமை வாரிசுகளுக்கே, ஆகவே அந்தப் பணத்தையும் உயிலில் எழுதுங்கள்.

மூல உயிலும் பத்திரங்களும் எந்த அலமாரியில் இருக்கின்றன, சாவி யாரிடம் என்று மனைவி, மகள், மருமகள் மூவரையும் ஒன்றாக உட்காரவைத்து இந்த மாதமே சொல்லிவிடுங்கள்.