வினைக்குப் பின்னால் எது முதலில் வரும்? ஆங்கிலச் சொல்வரிசை குறித்த கேள்வி-பதில்

ஆங்கில வாக்கியத்தில் வினைச்சொல்லை அடுத்து வரும் வினையடைகளையும், 'இன்', 'அட்', 'டு' போன்ற முன்னிடைச்சொற்களோடு வரும் தொடர்களையும் எந்த வரிசையில் வைப்பது என்று வாசகர்கள் பலர் கேட்டிருக்கிறார்கள். ஒன்றோடொன்று தொடர்புடைய கேள்விகளை மட்டும் தேர்ந்தெடுத்து இங்கே விடை தருகிறேன்.

கேள்வி: 'ஷீ ஸ்பீக்ஸ் ஃப்ளூயன்ட்லி இங்கிலீஷ்' என்று எழுதினேன். சொற்கள் எல்லாம் சரியாக இருந்தும் வாக்கியம் தவறு என்கிறார்கள். ஏன்?

பதில்: ஆங்கிலத்தில் வினைச்சொல்லுக்கும் அதன் செயப்படுபொருளுக்கும் இடையில் வினையடை நுழையக்கூடாது. 'ஸ்பீக்ஸ்' என்பதை அடுத்து உடனே 'இங்கிலீஷ்' வர வேண்டும். 'ஃப்ளூயன்ட்லி' அதற்குப் பிறகுதான். ஆகவே 'ஷீ ஸ்பீக்ஸ் இங்கிலீஷ் ஃப்ளூயன்ட்லி' என்பதே சரி.

இந்தப் பிழை எங்கிருந்து வருகிறது என்று பாருங்கள். 'அவள் ஆங்கிலத்தைச் சரளமாகப் பேசுகிறாள்' என்று நாம் சொல்லும்போது 'சரளமாக' என்பது வினையை ஒட்டி நிற்கிறது. செயப்படுபொருள் ஓரடி தள்ளி நிற்கிறது. தமிழில் 'ஐ' உருபு இருப்பதால் அது எங்கே நின்றாலும் செயப்படுபொருள் என்று தெரிந்துவிடும். ஆங்கிலப் பெயர்ச்சொல்லுக்கு அப்படி ஓர் உருபு இல்லை. வினைக்கு அடுத்த இடத்தில் நிற்பதுதான் அதற்கு அடையாளம். அந்த இடத்தை வேறொரு சொல்லுக்குக் கொடுத்துவிட்டால் அடையாளமே கலைந்துவிடுகிறது.

ஒரு விலக்கு உண்டு. செயப்படுபொருள் மிக நீண்டதாக இருந்தால், வினையடையை முன்னே கொண்டுவரலாம். 'ஷீ எக்ஸ்பிளெய்ன்ட் கிளியர்லி தி ரீசன்ஸ் வை தி பிளான் ஹாட் ஃபெய்ல்ட்' என்பதில் 'கிளியர்லி' கடைசியில் போய் நின்றால், அது விளக்கியதைக் குறிக்கிறதா, தோற்றதைக் குறிக்கிறதா என்று படிப்பவர் தடுமாறுவார்.

கேள்வி: எப்படி, எங்கே, எப்போது ஆகிய மூன்றும் ஒரே வாக்கியத்தில் வரும்போது எதை முதலில் எழுதுவது? மனப்பாடம் செய்த விதி ஒவ்வொரு முறையும் மறந்துபோகிறது.

பதில்: விதி எளியது: முதலில் விதம், அடுத்து இடம், கடைசியில் காலம். ஆனால் இதை மனப்பாடம் செய்யத் தேவையே இல்லை என்பது என் உறுதியான கருத்து, ஏனென்றால் இந்த வரிசை உங்களிடம் ஏற்கெனவே இருக்கிறது.

'அவள் நேற்று நூலகத்தில் அமைதியாகப் படித்தாள்' என்ற வாக்கியத்தை எடுத்துக்கொள்ளுங்கள். எழுவாயை அப்படியே விட்டுவிட்டு, மற்றவற்றைக் கடைசிச் சொல்லிலிருந்து பின்னோக்கிப் படியுங்கள்: படித்தாள், அமைதியாக, நூலகத்தில், நேற்று. இதற்கான ஆங்கிலம் 'ஷீ ரெட் குவயட்லி இன் தி லைப்ரரி யெஸ்டர்டே'. ஒரு சொல்லும் இடம் மாறவில்லை. தமிழில் வினை கடைசியில் நிற்கிறது, ஆங்கிலத்தில் எழுவாயை அடுத்து நிற்கிறது. ஆனால் வினையோடு நெருங்கிய உறவுள்ளது வினையின் பக்கத்தில் இருக்க வேண்டும் என்பதில் இரண்டு மொழிகளும் ஒன்றுபடுகின்றன. கண்ணாடியில் தெரியும் உருவம் போல, வலம் இடமாக மாறினாலும் நெருக்கம் மாறுவதில்லை.

விதிவிலக்கு என்று புத்தகங்கள் தனியே சொல்வதும் இதில் அடங்கிவிடுகிறது. போதல், வருதல் போன்ற வினைகளில் இடம்தான் முதலில் வரும் என்பார்கள்: 'ஹீ வென்ட் டு தி லைப்ரரி குவிக்லி'. தமிழிலும் 'அவன் வேகமாக நூலகத்துக்குப் போனான்' என்றுதானே இயல்பாகச் சொல்கிறோம்? எங்கே என்பது இல்லாமல் போதல் நிறைவு பெறாததால், அந்த இடம் வினையை ஒட்டிக்கொள்கிறது.

காலத்துக்குள் காலம், இடத்துக்குள் இடம் வரும்போதும் இதே கதைதான். நாம் 'திங்கட்கிழமை காலை 10 மணிக்கு' என்று பெரியதிலிருந்து சிறியதற்கு வருகிறோம். ஆங்கிலம் 'அட் டென் ஓ கிளாக் ஆன் மண்டே மார்னிங்' என்று சிறியதிலிருந்து பெரியதற்குப் போகிறது. 'அறையில் மேசைக்கு அடியில் ஒரு பெட்டியில்' என்பது 'இன் அ பாக்ஸ் அண்டர் தி டேபிள் இன் தி ரூம்' ஆகிவிடும்.

இந்த முறை வழுக்கும் இடம் செயப்படுபொருள்தான். 'பாடத்தைக் கவனமாகப் படித்தாள்' என்பதை அப்படியே பின்னோக்கித் திருப்பினால், முதல் கேள்வியில் கண்ட அதே பிழை வந்துவிடும். எனவே தமிழ் வாக்கியத்தை முதலில் 'நேற்று நூலகத்தில் கவனமாகப் பாடத்தைப் படித்தாள்' என்று மாற்றி, செயப்படுபொருளை வினைக்குப் பக்கத்தில் கொண்டுவந்து, அதன் பிறகு திருப்புங்கள்.

கேள்வி: 'வீ டிஸ்கஸ்ட் அபௌட் தி பிளான்' என்பது தவறா? 'பற்றி' என்ற பொருள் வேண்டாமா?

பதில்: தவறுதான். 'டிஸ்கஸ்' என்ற வினை செயப்படுபொருளை நேரடியாக ஏற்கும். 'பற்றி' என்ற பொருள் வினைக்குள்ளேயே இருக்கிறது. பெயர்ச்சொல்லான 'டிஸ்கஷன்' மட்டுமே 'அபௌட்' என்பதைக் கேட்கும். 'ரீச்ட் டு தி ஸ்டேஷன்', 'மேரீட் வித் ஹெர்' ஆகியவையும் நம் வேற்றுமை உருபுகளை மொழிபெயர்த்ததால் வரும் பிழைகளே. எதிர்ப்பக்கமும் உண்டு. 'இசையைக் கேட்டேன்' என்பதில் 'ஐ' உருபு இருப்பதால் 'லிசன்ட் மியூசிக்' என்று எழுதிவிடுகிறோம். 'லிசன்' என்பதற்கோ 'டு' கட்டாயம் வேண்டும். இதற்குக் குறுக்குவழி கிடையாது. ஒவ்வொரு வினையையும் அது ஏற்கும் முன்னிடைச்சொல்லோடு சேர்த்தே கற்க வேண்டும்.

கேள்வி: 'ஷீ லுக்ஸ் ஹாப்பிலி' என்று எழுதியதைத் திருத்திவிட்டார்கள். வினைக்குப் பின் வினையடைதானே வர வேண்டும்?

பதில்: 'மகிழ்ச்சியாக' என்பதில் உள்ள 'ஆக' உங்களை ஏமாற்றிவிட்டது. தமிழில் 'மகிழ்ச்சியாகப் பாடினாள்', 'மகிழ்ச்சியாக இருக்கிறாள்' ஆகிய இரண்டிலும் ஒரே சொல்தான். ஆங்கிலம் இவற்றைப் பிரித்துப் பார்க்கிறது. முதலாவது செயலின் தன்மை, அதற்கு 'ஹாப்பிலி'. இரண்டாவது ஆளின் தன்மை, அதற்கு 'ஹாப்பி'. 'லுக்', 'ஃபீல்', 'சௌண்ட்', 'சீம்' போன்ற வினைகள் எழுவாயின் நிலையைச் சொல்லும்போது பெயரடையைத்தான் ஏற்கும். ஐயம் வந்தால் அந்த வினையை எடுத்துவிட்டு 'இஸ்' என்பதைப் போட்டுப் பாருங்கள். 'ஷீ இஸ் ஹாப்பி' என்பது பொருந்துகிறது என்றால் 'ஷீ லுக்ஸ் ஹாப்பி' என்பதே சரி. ஆனால் 'அவள் கோபத்தோடு கதவைப் பார்த்தாள்' என்னும்போது பார்த்தல் ஒரு செயல். அங்கே 'ஷீ லுக்ட் ஆங்ரிலி அட் தி டோர்' என்று வினையடையே வரும்.

இந்த எடுத்துக்காட்டிலேயே இன்னொன்றையும் கவனியுங்கள். 'லுக்ட்' என்பதற்கும் 'அட் தி டோர்' என்பதற்கும் நடுவில் வினையடை தாராளமாக நிற்கிறது. முதல் கேள்வியில் சொன்ன தடை நேரடிச் செயப்படுபொருளுக்கு மட்டுமே. முன்னிடைச்சொல் தொடருக்கு இல்லை.

கேள்வி: 'டர்ன் இட் ஆஃப்' என்கிறோம், ஆனால் 'லுக் இட் அட்' என்று சொல்லக்கூடாது என்கிறார்கள். இரண்டும் வினையும் ஒரு சிறு சொல்லும்தானே?

பதில்: பார்வைக்கு ஒன்றுபோல் இருந்தாலும் அமைப்பு வேறு. 'அட்' என்பது உண்மையான முன்னிடைச்சொல். தனக்குரிய பெயருக்கு முன்னால்தான் நிற்கும். 'டர்ன் ஆஃப்' என்பதில் 'ஆஃப்' வினையின் ஓர் உறுப்பு. அது பெயருக்கு முன்னும் வரலாம், பின்னும் வரலாம். 'டர்ன் ஆஃப் தி லைட்', 'டர்ன் தி லைட் ஆஃப்' இரண்டும் சரி. ஆனால் 'இட்', 'தெம்' போன்ற சுட்டுப்பெயர் வந்தால் அது நடுவில்தான் நிற்க வேண்டும்.

'ஹீ ரான் அப் அ ஹில்', 'ஹீ ரான் அப் அ பில்' என்ற இரண்டையும் அருகருகே வைத்துப் பாருங்கள். ஓர் எழுத்துதான் வேறுபாடு. முதலாவதில் 'அப் அ ஹில்' என்பது ஒரு தொடர். அவன் குன்றின் மேல் ஓடினான். இரண்டாவதில் 'ரான் அப்' என்பது ஒரே வினை. அவன் கட்டவேண்டிய தொகையை ஏற்றிக்கொண்டான். அதனால்தான் தொகையைக் குறித்து 'ரான் இட் அப்' என்று சொல்ல முடிகிறது, குன்றைக் குறித்து அப்படிச் சொல்ல முடிவதில்லை. காதும் உதவும்: 'டர்ன் இட் ஆஃப்' என்பதில் அழுத்தம் 'ஆஃப்' மீது விழுகிறது, 'லுக் அட் இட்' என்பதில் 'லுக்' மீது விழுகிறது.

கேள்வி: 'ஆல்வேஸ்' போன்ற சொற்கள் ஏன் கடைசியில் வருவதில்லை?

பதில்: 'ஆல்வேஸ்', 'ஆஃபன்', 'நெவர்' போன்றவை முதன்மை வினைக்கு முன்பும், 'இஸ்', 'ஆர்' போன்றவற்றுக்கும் முதல் துணைவினைக்கும் பின்பும் நிற்கும்: 'ஷீ ஆல்வேஸ் ரீட்ஸ்', 'ஷீ இஸ் ஆல்வேஸ் ரெடி', 'ஷீ ஹாஸ் ஆல்வேஸ் ஹெல்ப்ட் மீ'. 'எவ்ரி டே', 'ட்வைஸ் அ வீக்' போன்ற தொடர்கள் பொதுவாகக் கடைசிக்குப் போய்விடும்.

கேள்வி: 'ஐ டோல்ட் ஹிம் டு கம் ஆன் மண்டே' என்று எழுதினேன். நான் சொன்னதுதான் திங்கட்கிழமை. படித்தவர் அவர் வரப்போவது திங்கட்கிழமை என்று புரிந்துகொண்டார். பிழை யாருடையது?

பதில்: படித்தவர் மீது பிழையில்லை. வாக்கியத்தின் கடைசியில் நிற்கும் தொடர், தனக்கு மிக அருகில் இருக்கும் வினையோடு சேர்ந்துகொள்ளப் பார்க்கும். இங்கே அந்த வினை 'கம்'. தமிழில் 'திங்கட்கிழமை அவரை வரச் சொன்னேன்', 'அவரைத் திங்கட்கிழமை வரச் சொன்னேன்' என்று சொல்லின் இடத்தை மாற்றியே ஓரளவு வேறுபாட்டைக் காட்டிவிடுகிறோம். ஆங்கிலத்தில் சொன்ன நாளைக் குறிக்க வேண்டுமானால், அதை வாக்கியத்தின் தொடக்கத்துக்குக் கொண்டுவாருங்கள்: 'ஆன் மண்டே ஐ டோல்ட் ஹிம் டு கம்'. 'ஐ டோல்ட் ஹிம் ஆன் மண்டே டு கம்' என்றும் எழுதலாம். நாள் குறிக்கும் கடிதங்களில் நான் முதல் வடிவத்தையே பயன்படுத்துகிறேன்; அதில் 'மண்டே' என்பது 'கம்' என்ற வினையிலிருந்து வெகு தொலைவில் நிற்கிறது.